ரேகை தேய்ந்த விரல்கள்

நியாயவிலைக் கடையில் சிறு கருவியொன்றின் மீது விரலை வைக்கிறீர்கள். சில வினாடிகளில் உங்கள் பெயர் தெரிகிறது. அரிசியும் சர்க்கரையும் கிடைக்கின்றன. ஆனால், கல்லுடைத்தும் மல்லாட்டை பிடுங்கியும் விரல் தேய்ந்துபோன செஞ்சி வட்டாரத்து மூதாட்டி ஒருவரின் ரேகையை அக்கருவி ஏற்க மறுத்தால் அவர் என்ன செய்வார்?

விரல் ரேகை, தாயின் கருவறையிலேயே உருவாகிவிடுகிறது. ஒரே உருவமுடைய இரட்டையருக்கும் அது வேறுபடும். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தப் பத்திரத்தில் கைப்பதிவு வாங்கினார். எனினும், இலட்சக்கணக்கான ரேகைகளுள் ஒன்றை எவ்வாறு தேடியெடுப்பது?

அதற்கு வழி கண்டவர்கள் கல்கத்தாவில் பணியாற்றிய காஜி அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இருவர். பத்து விரல்களின் ரேகை அமைப்பை எண்களாக்கி, 1024 பிரிவுகளில் அடுக்கும் கணக்கை வகுத்ததில் ஹக்கின் பங்கு பெரிது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் தோன்றியது. 1901-இல் இலண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையை ஏற்றது. ஆயினும், அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரே அம்முறைக்கு நிலைத்தது. உழைத்தவரின் பெயர் பதிவேட்டில் மறைந்துபோவது புதிதன்று!

இன்று அத்தேடலைக் கணினி செய்கிறது. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்னும் புள்ளிகளைக் குறித்து, அவற்றின் இடத்தையும் திசையையும் எண்களாக்கி ஒப்பிடுகிறது. 2010 முதல் வழங்கப்படும் ஆதார் எண்ணுக்காகப் பத்து விரல்களும் இரு கருவிழிகளும் பதியப்படுகின்றன. தமிழக நியாயவிலைக் கடைகளில் 2020-இல் ரேகை முறை வந்தது. தேய்ந்த விரலில் அப்புள்ளிகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே கருவி தடுமாறுகிறது. குற்றம் விரலுக்குரியவருடையதன்று.

ஆகவே, ஒரு விரல் பொருந்தாவிடில் கையைக் கழுவித் துடைத்து மற்றொரு விரலை வைக்கச் சொல்லுங்கள். கருவிழிப் பதிவுக் கருவி உள்ளதா என்று கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். கடைக்கு வர இயலாத முதியோர், தம் சார்பில் பொருள் பெற ஒருவரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். ரேகை பொருந்தாமையைக் காரணமாக்கி உணவுப் பொருளை மறுக்கலாகாது என மத்திய அரசு 2017-இலேயே அறிவுறுத்தியுள்ளது.

படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வீட்டு முதியவருடன் ஒருமுறை கடை வரை சென்று வாருங்கள். அவர் வெறும் பையுடன் திரும்பாதிருக்க அது உதவும்.