சண்டை ரோபோவும் சுழலும் பல்லும்

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1994ஆம் ஆண்டு மார்க் தார்ப் என்பவர் விந்தையான போட்டி ஒன்றைத் தொடங்கினார். மனிதர்கள் தடுப்புக்கு வெளியே நின்று ரேடியோ அலைகளால் இயக்க, அவர்கள் செய்த பொறிகள் களத்தில் மோதிக்கொள்ளும். மறு ஆண்டு ஜேமி ஹைனிமன் என்பவர் அங்கே கொண்டுவந்த 'பிளெண்டோ' என்னும் ரோபோ, கவிழ்த்துப் போட்ட வாணலியைப் போன்றது. அதன் எஃகு ஓடு முழுவதும் எஞ்சினால் சுழன்றது. எதிரியின் மீது அது பட்டதும் துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. அதை மேற்கொண்டு மோதவிட அமைப்பாளர்கள் இசையவில்லை.

வாணலிக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? இதனை அறிய, இக்காலத்தில் மாணவர்களும் செய்கின்ற சிறு ரோபோ ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வடிவத்துக்கு வடிவம் எப்படித் திருந்துகிறது என்று பார்ப்போம். அமெரிக்கப் போட்டிகளில் 'வண்டு வகுப்பு' என ஒன்று உண்டு. அதில் ரோபோவின் எடை 3 பவுண்டை, அதாவது சுமார் 1,360 கிராமை, மீறக் கூடாது. சக்கரம், மோட்டார், மின்கலம், உடல், ஆயுதம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

முதல் வடிவம் பெரும்பாலும் ஓர் ஆப்புதான். முன்பக்கம் தரையை உரசும் சரிந்த தகடு, பின்னே சக்கரங்கள். ஒரு ரோபோ எவ்வளவு விசையுடன் தள்ள முடியும் என்பதை மோட்டாரைவிடச் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வே முடிவு செய்கிறது. உராய்வோ எடையைப் பொறுத்தது. ஆப்பு எதிரியின் அடியில் நுழைந்துவிட்டால் எதிரியின் எடையில் ஒரு பகுதி நம் சக்கரங்களின்மேல் ஏறிவிடும். நமக்கு உராய்வு கூடும், அவனுக்குக் குறையும். எளிய, அழகான தந்திரம். ஆனால் தள்ளப்பட்ட எதிரி சேதமின்றித் திரும்பி வருவான்.

ஆகவே இரண்டாம் வடிவத்தில் செங்குத்தாகச் சுழலும் எஃகுத் தட்டு ஒன்றை முன்னால் பொருத்துகிறார்கள். அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு பற்கள். தட்டின் நிறை 400 கிராம், ஆரம் 7.5 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று கொள்வோம். கணக்கிட்டால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 220 ஜூல். ரோபோ முழுவதையும் 16 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இது போதும்! மோட்டார் இரண்டு மூன்று விநாடிகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஆற்றல், மோதலின்போது கண்ணிமைப்பதற்குள் வெளிப்படுகிறது. வாணலியின் இரகசியமும் இதுவே. அதன் நிறை அச்சைவிட்டு விலகி இருந்ததால் நிலைமத் திருப்புத்திறன் அதிகம். மோட்டாரையும் தட்டையும் ரப்பர் பெல்ட்டால் இணைப்பது நல்லது. அதிர்ச்சியில் பெல்ட் வழுக்கி, மோட்டாரைக் காப்பாற்றும்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அப்படிச் செய்து பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தட்டு எதிரியைக் கடிக்காமல் உரசிப் பொறி பறக்கவிட்டது, அவ்வளவுதான். ஏன்?

இரண்டு ரோபோக்களும் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. இரண்டு பற்கள் இருப்பதால் விநாடிக்கு 200 முறை பல் கடக்கிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எதிரி 1 செ.மீ. மட்டுமே உள்ளே வர முடியும். வேகத்தை இரட்டித்தால் அரை செ.மீ. பல் கொக்கியாகப் பிடிக்க அது போதாது. ஓடும் மின்விசிறியின் இறக்கைகளுக்கிடையே பந்தை எறிந்தால் என்னவாகும் என்று மனத்தில் எண்ணிப் பாருங்கள். செய்து பார்க்க வேண்டாம்.

மூன்றாம் வடிவத்தில் ஒரு பல்லை எடுத்துவிடுகிறார்கள். உடனே கடி 2 செ.மீ. ஆகிறது! பல்லைக் குறைத்தால் கடி ஆழமாகும் என்பது எனக்கு இத்துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு. ஆனால் பல் இருந்த இடத்துக்குச் சமனாக எதிர்ப்புறத்தில் உலோகத்தைத் தடிப்பாக விட்டுவைக்க வேண்டும். விளிம்பில் ஒரே ஒரு கிராம் ஏறுமாறாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது சுமார் 30 நியூட்டன் விசையுடன் அச்சை இழுக்கும். ரோபோவின் எடையைப் போல் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி ஒரு புதுத் தொல்லை. திரும்பும்போதெல்லாம் ரோபோ ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டியடிக்கிறது. சுழலும் பம்பரம் தன் அச்சைத் திருப்ப எளிதில் இடங்கொடுப்பதில்லை அல்லவா? தட்டும் ஒரு பம்பரமே. அதன் அச்சை இடமோ வலமோ திருப்பினால், அதற்குச் செங்குத்தான திசையில், ரோபோவைப் பக்கவாட்டில் சாய்க்கும் திருப்பு விசை தோன்றுகிறது. சக்கரங்களுக்கு இடையே 20 செ.மீ. இருந்தால், நம் ரோபோ ஒரு செங்கோணம் திரும்ப 0.8 விநாடிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டாலே ஒரு பக்கம் மேலெழும்.

இதற்கு இரண்டு வழிகள். சக்கரங்களை அகலமாக விலக்கி வைக்கலாம். உடல் பெரிதாகி எடை கூடும். அல்லது தட்டுக்குப் பதில் சிறு ஆரமுள்ள உருளையை இருமடங்கு வேகத்தில் சுழற்றலாம். ஆற்றல் குறையாமலே கோண உந்தம் பாதியாகும், சாய்வும் பாதியாகும். கடி? அதுவும் பாதியாகிவிடும். எனவே சிலர் தட்டையும், சிலர் உருளையையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது மட்டும் ஆயுதத்தின் வேகத்தைத் தணிப்போரும் உண்டு. என் கணிப்பில் தொடக்கக்காரருக்கு இதுவே மேல்.

இத்தகைய ரோபோ 'சிறியது' என்று எண்ணிக் கூடத்தில் ஓட்டிப் பார்ப்பது பெரும் ஆபத்து. பல்லின் நுனி மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் செல்கிறது, உடைந்த துண்டும் அவ்வேகத்திலேயே புறப்படும். ஆகவே தடித்த பாலிகார்பனேட் சுவர்கள் கொண்ட பெட்டிக்குள்தான் இயக்க வேண்டும். ரேடியோத் தொடர்பு அறுந்தால் ஆயுத மோட்டார் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்க வேண்டும். மோட்டார் நின்றாலும் தட்டு நின்றுவிடாது; சேர்த்த ஆற்றல் தீரும்வரை சுழலும். 60 விநாடிக்குள் அது ஓய்ந்தாக வேண்டும் என்று பல போட்டிகளில் விதி இருக்கிறது. தட்டு அசையாதபடி குறுக்கே செருகும் பூட்டுக்கம்பி ஒன்றும் கட்டாயம். மின்கலத்தை இணைக்கும்போதும் கழற்றும்போதும் அக்கம்பி தன் இடத்தில் இருக்க வேண்டும்.