ஸ்பேஸ் பாரில் கட்டிய கடிதங்கள்

அலுவலகமும் கணினியும் – 9

அரசு அலுவலகக் கடிதத்தின் தலைப்பகுதியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடப்பக்கம் அனுப்புநர், வலப்பக்கம் பெறுநர், கீழே ந.க.எண்ணும் நாளும், அப்புறம் பொருள், பார்வை. இதை வேர்டில் அமைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. அனுப்புநர் பெயரை அடித்துவிட்டு, பெறுநர் பெயர் தொடங்கவேண்டிய இடம் வரும்வரை ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவது ஒன்று. டேப் விசையை நாலைந்து முறை அழுத்துவது இன்னொன்று. கோடு தெரியாத இரண்டு கட்ட டேபிள் ஒன்றைப் போட்டு, ஒரு கட்டத்தில் அனுப்புநரையும் மற்றதில் பெறுநரையும் அடிப்பது மூன்றாவது. பிரிண்டரிலிருந்து வரும் தாளை வைத்து எது எந்த வழியில் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் அனுப்புநரின் பதவிப்பெயரில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று சேர்க்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் இரண்டு வழிகளில் செய்த கடிதத்தில் அந்த வரி பிதுங்கி, பெறுநரின் பெயர் கலைந்து, இடப்பக்க முகவரிக்குள் வந்து விழும். டேபிளில் செய்ததில் அந்தக் கட்டம் மட்டும் ஒரு வரி உயரும், அவ்வளவுதான். ஆவணம் ஒழுங்காகத் தயாராகியிருக்கிறதா என்பது இன்னொருவர் அதைத் திறந்து திருத்தும்போதுதான் தெரியும். நம் பயிற்சிகளும் தேர்வுகளுமோ முதல் முறை அச்சாகி வரும் தாளோடு நின்றுவிடுகின்றன. அலுவலகக் கணினிப் பயிற்சியின் அடிப்படைக் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. தட்டச்சுப் பொறியில் வரி முடியப்போகிறது என்றால் மணி அடிக்கும். உடனே நெம்புகோலை இழுத்து உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போகவேண்டும். இடைவெளி வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரைத் தவிர வழி குறைவு. ‘யளனக’வில் தொடங்கி அந்தப் பொறியில் பழகிய விரல்களுக்கு எண்டர் விசை அதே நெம்புகோலாகத்தான் தோன்றும். தமிழ்நாட்டில் தட்டச்சர் பணிக்குப் போகிறவர் தட்டச்சுத் தேர்வில் தேறியிருக்கவேண்டும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அதோடு அலுவலகக் கணினிப் பயன்பாட்டுக்கான சி.ஓ.ஏ. சான்றிதழும் கேட்கப்படுகிறது. வேகத்தை அளப்பதில் தவறில்லை. விசைப்பலகையைப் பார்க்காமல் பிழையின்றி அடிக்கத் தெரிந்தவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், பல பொறியியல் பட்டதாரிகளிடம் அது கிடையாது. ஆனால் வேகம் வேறு, ஆவணத்தின் உள்ளமைப்பு வேறு. முதலாவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிலகம் உண்டு. இரண்டாவதை மெனு மெனுவாக, ஹோம், இன்செர்ட், லேஅவுட் என்று வரிசையாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறவர், அது எதற்காக வந்தது என்பதைக் கேட்காமலே சான்றிதழ் வாங்கிவிட முடிகிறது.

எதற்காக வந்தது என்பதைப் புரியவைக்க மிக எளிய வழி, மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் காட்டுவது. வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு டேபும் ஓர் அம்பாகவும், ஒவ்வொரு எண்டரும் ஒரு பாராக் குறியாகவும் தெரியும். அலுவலகத்தில் சுற்றிவரும் ஏதாவது ஒரு பழைய கடிதத்தைத் திறந்து இதைச் செய்து பாருங்கள். எழுத்தைவிடப் புள்ளிகள் அதிகமாக இருந்தாலும் வியப்பில்லை. வேர்டைப் பொறுத்தவரை எண்டர் என்றால் ‘பாரா முடிந்தது’ என்று பொருள். வரி முடிந்ததைச் சொல்ல யாரும் தேவையில்லை, அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் எண்டர் தட்டியவர், ஐந்து வரிப் பாராவை ஐந்து பாராக்களாக உடைத்துவைத்திருக்கிறார். எழுத்தின் அளவை 12-லிருந்து 14 ஆக்கினால் ஒவ்வொரு வரியும் வழிந்து, அரை வரியும் ஒரு வரியுமாகப் பல்லிளிக்கும். ‘பொருள்’ பகுதியில் இரண்டாவது வரி முதல் வரியின் வாசகத்துக்கு நேர்கீழே வருவதற்காக எண்டர் தட்டி, பன்னிரண்டு ஸ்பேஸ் தட்டுவதும் இதே வகைதான். ‘பொருள்’ என்று அடித்து, ஒரு டேப் வைத்து, வாசகம் முழுவதையும் நிறுத்தாமல் அடித்தபின் கன்ட்ரோலுடன் டி (T) விசையை ஓரிரு முறை தட்டினால், முதல் வரி தவிர மற்ற வரிகள் தாமாக உள்ளே தள்ளி நிற்கும். நாளைக்கு எத்தனை சொல் கூடினாலும் குறைந்தாலும் அது கலையாது. புதுப் பக்கத்துக்குப் போக எண்டரை இருபது முறை தட்டுகிறவருக்கு, கன்ட்ரோலும் எண்டரும் சேர்ந்தால் பக்கம் மாறும் என்று சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். மேலிருந்து பார்த்தால் நேர்த்தியாக இருக்கும் அந்தப் பழைய கடிதம், தையல் போடாமல் குண்டூசி குத்தி நிறுத்திய சட்டைதான்.

நீண்ட ஆவணங்களில் விலை இன்னும் கூடும். தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதும்போது பத்திகளைக் கையால் எண்ணிட்டு, நடுவில் ஒன்றைச் சேர்க்கவேண்டி வந்தால், அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களையும் மாற்றவேண்டும். ‘மேலே பத்தி 14-இல் கண்டவாறு’ என்ற குறிப்புகளை யார் தேடித் திருத்துவது? தலைப்புகளைத் தடித்த எழுத்தில் மட்டும் போட்டுவைத்தால் அவை கண்ணுக்குத்தான் தலைப்பு, மென்பொருளுக்கு அவையும் சாதாரண வரிகளே. ஹெடிங் ஸ்டைலில் போட்டால் பொருளடக்கம் தானாக உருவாகும், பக்க ஓரத்தில் தலைப்புகளின் பட்டியல் நிற்கும். பார்வையற்ற ஓர் ஊழியர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் படிப்பதற்கும் அதுதான் ஆதாரம். இல்லாவிட்டால் அறுபது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அணுகலைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சட்டம் ஓர் அலுவலக மேசைக்கு வந்து சேரும் இடங்களில் ஹெடிங் ஸ்டைலும் ஒன்று.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கெல்லாம் அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் தெரிவது அம்மா, கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். தேடினால் தமிழ்ச் சொல் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசை வரும். யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்துவிட்டது. தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-இல் ஏற்றது, யுனிகோடை 2010-இல் ஏற்றது. இத்தனைக்குப் பிறகும் பழைய குறியேற்றத்தில் கோப்புகள் பிறந்துகொண்டிருக்கின்றன என்றால், ஆணையில் குறை தேட முடியாது. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரலை மாற்றவே வேண்டாம், அதே விசை அமைப்பிலேயே யுனிகோடில் அடிக்கலாம் என்பதைக்கூடப் பலருக்கு யாரும் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பதிவேடுகளை அட்டவணைப்படுத்திக் கணினியில் ஏற்றவேண்டும் என்கிறது. தேடிக் கிடைக்காத தமிழைக் கணினியில் ஏற்றி என்ன பயன்?

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. ‘கையெழுத்தாகிப் போகப்போவது தாள்தானே, அது சரியாக இருந்தால் போதாதா?’ என்பது முதலாவது. அலுவலகத்தில் புதிதாக எழுதப்படும் கடிதம் அபூர்வம். போன மாதக் கடிதத்தைத் திறந்து, நாளையும் எண்ணையும் மாற்றி அனுப்புவதுதான் வழக்கம். எனவே ஒரு தாளில் ஒளிந்திருக்கும் குழப்பம் நூறு தாள்களுக்கு நகலாகிறது. ‘வேலைப்பளுவில் இதையெல்லாம் பார்க்க நேரமேது?’ என்ற இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. காலியிடங்களை நிரப்பாமல் இரண்டு இருக்கைகளின் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ஸ்டைல் கற்றுக்கொள் என்று சொல்வது சரியாகாது. பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்கவேண்டும், சரியாக அமைத்த மாதிரிக் கடிதங்களை அலுவலகமே தரவேண்டும். ஆனால் கலைந்த வரிகளை மறுபடி மறுபடி சரிசெய்யும் நேரமும் அதே ஊழியரின் நேரம்தான். வேர்டின் முகம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறதே, லிப்ரே ஆபீஸ் வேறு மாதிரி இருக்கிறதே என்பார்கள். பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்தவருக்குத்தான் அது தொல்லை. பாரா, ஸ்டைல், டேப், டேபிள் என்ற நான்கும் இரண்டிலும் உண்டு. இ-ஆபீஸ் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவே கடிதம் எழுதித் தருகிறது, இனி இது எதற்கு என்போரும் உண்டு. இ-ஆபீஸில் பழைய எழுத்துரு வாசகத்தைக் கொண்டுபோய் ஒட்டினால் அங்கே நிற்பது ஆங்கிலக் குப்பை. செயற்கை நுண்ணறிவு தரும் வரைவும் கடைசியில் ஓர் ஆவணத்தில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அதைத் திருத்திக் கையெழுத்துக்கு வைப்பவர் மனிதர்.

மாற்றவேண்டியது பாடத்திட்டத்தின் நீளத்தை விடத் தேர்வின் வடிவத்தை. வெற்றுத் திரையைக் கொடுத்து ‘இதைப் பார்த்து அடி’ என்பதற்குப் பதிலாக, வேறொருவர் தயாரித்த நான்கு பக்கக் கோப்பைக் கொடுக்கலாம். மூன்றாவது பத்திக்குப் பின் புதிதாக ஒன்றைச் சேர், எழுத்தளவை மாற்று, பெறுநரின் முகவரியில் இரண்டு வரி கூட்டு, பாமினியில் இருக்கும் இணைப்பை யுனிகோடுக்கு மாற்று. இருபது நிமிடம் போதும். திருத்துகிறவர் தாளைப் பார்க்காமல், பாராக் குறிகளைத் திரையில் வரவழைத்துவிட்டு மதிப்பெண் போடவேண்டும். அப்படி ஒரு தேர்வு வந்தால் பயிலகங்கள் ஒரே பருவத்தில் பாடத்தை மாற்றிக்கொள்ளும். கேள்வித்தாளைப் பார்த்துப் பாடம் நடத்துவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. மெயில் மெர்ஜையும், ஒரே நோட்டீஸை முந்நூறு பேருக்கு அனுப்பும்போது எக்செல் பட்டியலில் நேரும் கோளாறுகளையும் அடுத்த வாரம் பார்ப்போம்.