வர்ணமும் கம்பளியும்

வீட்டில் ஓய்வு நேரத்தில் சித்திரம் தீட்டுகிறவரைக் கலைஞர் என்று கொண்டாடுவதும், அதே கூடத்தின் மறுமூலையில் அமர்ந்து கம்பளி நூல் பின்னுகிறவரைப் பொழுது போகாதவர் என்று எண்ணிவிடுவதும் நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். தீட்டிய படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். பின்னிய ஸ்வெட்டரை அந்துருண்டையோடு டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். இந்தப் பாரபட்சத்துக்கு நியாயம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வர்ணத்தைப் பற்றி ஓவியர்கள் அறிந்து பெரும்பயன் அடைந்த ஓர் உண்மை, கம்பளி நூலைப் பற்றி எழுந்த ஒரு புகாரிலிருந்துதான் பிறந்தது.

பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச்சாலை, சித்திரத் திரைகள் நெய்வதில் உலகப் பிரசித்தி பெற்றது. 1824-ல் அதன் சாயப் பகுதிக்குத் தலைமை ஏற்ற ஷெவ்ரேல் என்ற ரசாயன நிபுணரிடம், அங்கே போடும் கறுப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று குறை கூறினார்கள். அவர் அந்த நூலைப் பிற இடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சாயத்தில் தோஷம் எதுவும் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை வெளிறச் செய்து காட்டுகின்றன என்று கண்டுகொண்டார். ஒரு நிறம் நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற இக்கொள்கையை விரித்து 1839-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலைப் பின்னாளில் ஸெரா முதலிய பிரெஞ்சு ஓவியர்கள் ஊன்றிப் படித்தார்கள்.

நூலிலிருந்து தூரிகைக்குச் சென்ற வித்தை, தூரிகையிலிருந்து நூலுக்குத் திரும்பி வந்ததும் உண்டு. 1937-ல் அமெரிக்காவில் பிறந்து, ஓவியராக 1964-ல் இங்கிலாந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட கேஃப் ஃபாசெட், ஸ்காட்லாந்தில் ஒரு கம்பளி ஆலையைப் பார்க்கப் போன இடத்தில், அந்நாட்டு மலைகளிலும் புல்வெளிகளிலும் கண்ட நிறங்களெல்லாம் நூலாகத் தொங்குவதைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, இருபது வர்ணங்களில் நூல் வாங்கிவிட்டார். பின்னத் தெரியாதே என்ற கவலையும் அதிக நேரம் நீடிக்கவில்லை. திரும்பி வரும் ரயிலிலேயே உடன் வந்த ஒரு பெண்மணி கற்றுக்கொடுத்துவிட்டார். குருதட்சிணை கேளாத அந்த உபதேசத்தின் பலனாக, 1988-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அவருடைய கைவேலைகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தும்படி ஆயிற்று.

பின்னலின் விசேஷம் அதன் எளிமையில் இருக்கிறது. நிட், பர்ல் என்று இரண்டே வகைக் கண்ணிகள். அவையுங்கூட ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமுமே அன்றி வேறல்ல. இவற்றை மாற்றி மாற்றிப் போட்டே, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் மணிக்கட்டுப் பட்டி முதல் மேலே புரளும் முறுக்குப் பின்னல் வரை எல்லாம் உண்டாகின்றன. ஹாம்பர்க் நகரத்துச் சித்திரசாலையில், 1400-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டப்பட்ட ஒரு தேவாலயப் பலகைச் சித்திரத்தில், மேரி மாதா நான்கு ஊசிகளைக் கொண்டு சிறு சட்டையொன்றின் கழுத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறாள். மைஸ்டர் பெர்ட்ராமுடையது என்று சொல்லப்படும் அப்படத்தைத் தீட்டியவர், யாரோ பின்னுவதை அருகில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டின் ஸ்வபாவமும் ஒன்றல்ல. பின்னலில் பிழை நேர்ந்தால் ஊசியை உருவி, வேண்டிய வரிசை வரை பிரித்து, மீண்டும் தொடங்கலாம். சுருண்டுபோன நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து உலர்த்தினால் பழையபடி நேராகிவிடும். நீர்வர்ணமோ அத்தகைய தாட்சண்யம் காட்டுவதில்லை. அதில் வெள்ளை என்பது பெரும்பாலும் தீண்டாமல் விட்ட காகிதமே ஆதலால், எங்கே தூரிகை படக்கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்து, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும். பாதி உலர்ந்த இடத்தை அழகுபடுத்தப் போனால் விளிம்பு பூத்துத் திட்டாகிவிடும். சென்னை வெயிலில் வானத்தைத் தீட்டி முடிக்கும் முன்னமே காகிதம் உலர்ந்துவிடுவதால், அதை முன்னதாக இருமுறை நனைத்துக்கொள்வது நல்லது. அதே வெயிலில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தவம்தான். கோடையில் பருத்தி நூலுக்கு மாறிவிடலாம், குழந்தைக்குக் குல்லாய் அதிலும் நன்றாகவே அமையும்.

கொஞ்சம் கை தேறியவுடன், "இதை விற்கலாமே" என்று உறவினர் ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆயினும் தீபாவளிக்குள் பன்னிரண்டு குல்லாய் என்று கணக்கு வந்த பிறகு, பிடித்த நிறத்தைப் பிடித்த நேரத்தில் எடுக்கும் சுதந்திரம் போய்விடுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வேண்டியவர்கள் விற்கட்டும். மற்றவர்கள் சுமாரான படங்களையும் கோணலான ஸ்வெட்டர்களையும் சங்கோசமின்றிச் செய்து மகிழலாம்.

இரண்டையும் ஒருவரே பழகுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பின்னத் தொடங்குமுன், வாங்கிய நூல்களை ஒரு அட்டைத் துண்டில் பட்டை பட்டையாக அடுத்தடுத்துச் சுற்றிப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கொளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரிந்து ஏமாற்றும். எந்தப் பட்டை எதன் பக்கத்தில் மங்குகிறது, எதன் பக்கத்தில் துலங்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்; அந்த அட்டையை எறிந்துவிடாமல் வர்ணப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைத்தால், அடுத்த படத்துக்கு நிறம் கலக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.