பன்றி விலாவா, ஆட்டு விலாவா?

நார்வேயில் கிறிஸ்துமஸின் பெரிய விருந்து டிசம்பர் 24 மாலையில்தான். மேசைக்கு என்ன வரும் என்பது ஊரையும் குடும்பத்தையும் பொறுத்தது.

கிழக்கே, ஆஸ்லோ பக்கம், பன்றி விலா. தோலைக் கட்டம் கட்டமாகக் கீறி, உப்பும் மிளகும் தடவி வாட்டுவார்கள். தோல் மொறுமொறுவென்று பொரியாவிட்டால் வீட்டில் எல்லார் முகமும் வாடிவிடும். மேற்கே, பெர்கன் பகுதியில், செம்மறியாட்டு விலா. உப்பிட்டு உலர்த்திய கறியை முந்தின இரவே ஊறவைத்து, பானையடியில் பிர்ச் மரக் குச்சிகளை அடுக்கி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். தெற்குக் கரையோரத்தில் பலருக்குக் காட் மீன்.

கிழக்கும் மேற்கும் சம்பந்தம் செய்துகொண்டால்தான் சிக்கல். யார் அம்மாவின் பக்குவம் ஜெயிப்பது? ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிச் சமைக்கும் வீடுகள் உண்டு. 24க்கு ஒன்று, புத்தாண்டுக்கு முந்தைய இரவுக்கு மற்றொன்று என்பவர்களும் உண்டு. இதுவே நல்ல ஏற்பாடு, இரண்டு வீட்டு ருசியும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.