கையில் பேசும் இசைத்தட்டு

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் ‘கீறல் விழுந்த இசைத்தட்டு’ என்று ஏளனஞ் செய்வது நம் வழக்கம். சுழலும் தட்டின்மேல் கை வைக்கலாகாது என்பதும் கிராமபோன் இருந்த வீடுகளில் பெரியோர் இட்ட கட்டளை. அக்கட்டளையை மீறுவதிலேயே பிறந்த கலை ஒன்று உண்டு. ஓடுந் தட்டைக் கையாற் பற்றி, முன்னும் பின்னும் அசைத்துப் புத்தொலி எழுப்புவது அது. ‘ஸ்கிராட்ச்’ என்று அதற்குப் பெயர். கீறல் என்பது அச்சொல்லின் பொருளாயினும், தட்டு கீறப்படுவதில்லை. ஊசி தன் வரிப்பள்ளத்தை விட்டு விலகாமலே முன்னும் பின்னும் ஓடுகிறது. இது இசையா, வெறுஞ் சந்தடியா என்று வினவுவோர் பலர். பிறர் பாடிய தட்டைப் போடுகிறவன் எங்ஙனம் கலைஞனாவான் என்பது அவர்தம் கேள்வி. விடை சொல்லுமுன், பயில்வோன் கை என்ன செய்கிறது என்று காண்பது முறை.

இக்கலையின் தாயகம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பார், 1973 ஆகஸ்டில் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியில் ஆடுவோர் மகிழ்வதைக் கண்டு, ஒரே தட்டின் இரு படிகளை வைத்து அப்பகுதியை நீட்டியவர் அவர். கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்பார் அதைத் துல்லியமாக்கினார். பின்னர், 1970களின் நடுவில், தியடோர் என்னும் சிறுவன் தன் அறையில் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். சத்தம் மிகுதி என்று தாய் வந்து கடிந்தாள். அவள் பேசும் வரை தட்டைக் கையால் நிறுத்தி, சற்றே அசைத்துக்கொண்டிருந்தான். அந்த அசைவின் ஒலி அவன் செவியிற் புகுந்தது. பலகாலம் பயின்ற பின்னரே ஊரார் முன் அதை இசைத்துக் காட்டினான். தற்செயலாய்க் கேட்டதைக் கலையாக்கியது அந்தப் பயிற்சியே.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். பழைய டர்ன்டேபிள்களில் மோட்டார் ஒரு ரப்பர் வாரால் தட்டைச் சுழற்றியது. கையாற் பிடித்தால் வார் வழுக்கும், வேகம் மீளத் தாமதமாகும். 1972இல் ஜப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்.எல். 1200 என்ற கருவியில் மோட்டாரே நேராகச் சுழற்றிற்று. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் நின்ற நிலையிலிருந்து முழுவேகம் அடைய 0.7 விநாடியே பிடித்தது. இசைத்தட்டின் அடியில் வழுவழுப்பான கம்பளித் துணி ஒன்றை விரிப்பர். கை தட்டைப் பிடித்தாலும் கீழே சுழல்மேடை ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி, கையின் செயல். நம் தமிழாசிரியர்களுக்கு இதனை எழுத்திலக்கணத்தால் விளக்குவது எளிது. ஒரு கை தட்டில். மறு கை ஒலியைத் திறக்கவும் மூடவும் உதவும் ‘ஃபேடர்’ என்னும் சிறு நகர்த்தியில். தட்டை அசைக்குங் கை உயிரொலியைத் தருகிறது. வேகம் இருமடங்கானால் ஒலி ஒரு ஸ்தாயி மேலேறும், தளர்ந்தால் தாழும். ஃபேடரோ, வல்லெழுத்தைப் பிறப்பிக்க வாயை அடைத்துத் திறப்பது போன்றது. பயில்வோர் மிகுதியும் எடுத்தாளும் ஒலி, 1982இல் வெளிவந்த ‘சேஞ்ச் த பீட்’ என்ற தட்டின் பின்பக்கத்தில் உள்ள ஒரு நீண்ட ‘ஆ’காரம் என்பது இவ்வுவமைக்கு வாய்ப்பாக அமைந்தது!

முதற்பாடம் ‘பேபி’ எனப்படும். ஃபேடரைத் தொடாமல், ஒலியின் தொடக்கத்திலிருந்து தட்டை முன்தள்ளிப் பின்னிழுப்பது, அவ்வளவே. ஒலி தொடங்குமிடத்தை அறிய, தட்டின் மேல் சிறு காகிதத்துண்டை ஒட்டிக்கொள்வர். இரண்டாவது, முன்தள்ளும் ஒலியை மட்டும் விட்டுப் பின்னிழுப்பை ஃபேடரால் மறைப்பது. ‘டேர்’ என்பதில் ஃபேடருக்கு வேலையில்லை. கையே நடுவில் ஒரு கணம் நின்று ஒலியை இரண்டாக்குகிறது. ‘சர்ப்’ என்பதில் கை திரும்பும் இடத்தில் ஃபேடர் மூடுகிறது. குருவி கீச்சிடுவது போல் கேட்கும். ‘டிரான்ஸ்பார்மர்’ என்பதில் ஃபேடர் மூடியே இருந்து இடையிடையே திறக்கிறது. ‘பிளேர்’ இதன் மறுதலை: திறந்தே இருந்து இடையில் மூடுகிறது. ஒருமுறை மூடினால் ஒலி இரண்டாகும் என்ற கணக்கை உணர்ந்தவனுக்கு இது கைவரும். பெருவிரல் எதிர்த்து நிற்க மற்ற நான்கு விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபேடரில் உரசும் ‘கிராப்’, அதாவது நண்டு, கேட்போரை மயக்குவது. புதியவர்கள் பேபியை விட்டு நேரே நண்டுக்கு ஓடுகிறார்கள். எழுத்தறியாதவன் சிலேடை பாட முனைவதை ஒக்கும் அது.

நன்கு பயில்வோர், நிமிடத்துக்கு 70, 80 அடிகள் விழும் மெதுவான தாளத்தை ஓடவிட்டு, அடிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனப் படிப்படியாக அசைவைப் பெருக்குவர். கையை அழுத்தலாகாது, அழுத்தினால் ஊசி துள்ளும். தம் ஒலியைப் பதிவு செய்து மறுநாள் கேட்பவர்க்குப் பிழை தானே புலப்படும். வாசிக்கும்போது செவி தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் என்பதை வயலின் பயில்வோரும் ஒப்புக்கொள்வர்.

நெடுங்காலம் இக்கலைக்கு எழுத்து வடிவம் இல்லை. பார்த்தும் கேட்டும் கற்றவர்களே மிகுதி. 1983இல் ஹெர்பி ஹான்காக் வெளியிட்ட ‘ராக்கிட்’ என்ற இசையில் டி.எஸ்.டி. எழுப்பிய ஒலியைக் கேட்டே பலர் இதிற் புகுந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி ஜான் கார்லூச்சியோ முதலியோர் ஒரு குறியீட்டு முறையை வகுத்தனர். கட்டத்தாளில் இடமிருந்து வலமாகக் காலம். கீழிருந்து மேலாகத் தட்டின் நிலை. கோடு செங்குத்தாயின் வேகம் மிகுதி. கோடு அறுந்த இடம் ஃபேடர் மூடிய இடம். ஒருவர் இசைத்ததை மற்றொருவர், அவரைக் காணாமலே இசைக்க இஃது வழி செய்தது. பிறர் குரலை ஓட்டுகிறவனுக்கு எதற்குக் குறியீடு? அவன் இசைப்பது அக்குரலை அன்று. அக்குரலைக் கொண்டு தன் கையின் காலத்தையும் அளவையும் ஒழுங்கு செய்கிறான். எழுதிவைக்கத் தக்கதாய் இருந்தது அவ்வொழுங்கே.

இப்பொழுது பலர் பயன்படுத்தும் தட்டுகளில் பாட்டே இல்லை. கணினிக்குத் தட்டின் நிலையையும் வேகத்தையும் அறிவிக்கும் குறியொலி மட்டுமே அவற்றில் உள்ளது. பாட்டு கணினியிலிருந்து வருகிறது. ஆயினும் முதற்பாடம் இன்றும் அந்தப் பேபியே.