தவளையும் ஈரலுருத் தாவரமும்

தரையில் வாழினும் நீரின் துணையை முற்றும் விட இயலாத உயிர்கள் சில உள. விலங்குகளுள் தவளை அத்தகையது; செடிகளுள் ஈரலுருத் தாவரம் அத்தகையது. ஆதலின் இத்தாவரத்தையும் இதன் இனத்தவற்றையும் தாவர உலகின் நீர்நில வாழ்விகள் என்பர். இவ்வொப்புமை எத்துணை பொருந்தும் என்பதை ஈண்டுக் காண்போம்.

ஈரலுருத் தாவரங்களுள் நன்கு அறியப்பட்டது மார்க்கான்சியா. இமயத்தின் ஈரப் பாறைகளில் இது பசும்பட்டையாகப் படர்ந்து கிடக்கும். வேரும் தண்டும் இலையும் இதற்கு இல்லை. கீழ்ப்புறத்து மெல்லிழைகளே இதனைத் தரையோடு பிணிக்கின்றன. ஈரலின் மடலை ஒத்த தோற்றமே பெயருக்குக் காரணம். அத்தோற்றத்தையே சான்றாகக் கொண்டு, பண்டை ஐரோப்பிய மருத்துவர் ஈரல்நோய்க்கு இதனை மருந்தாகவும் தந்தனர்! உருவம் ஒத்தால் குணமும் ஒக்கும் என்று அவர் எண்ணியது பிழையே.

தவளை நுரையீரலாலன்றித் தோலாலும் மூச்சுவிடும். அதற்குத் தோல் ஈரமாக இருத்தல் வேண்டும். மார்க்கான்சியாவின் மேற்புறத்திலும் காற்றுப் புகும் நுண்துளைகள் உள. உயர்ந்த செடிகளின் இலைத்துளைகளைப்போல் இவை வறட்சியில் நன்கு மூடிக்கொள்ள வல்லன அல்ல. வெயில் மிகுந்தால் தவளை மண்ணுள் புதைந்துகொள்ளும். செடிக்கோ அவ்வழி இல்லை.

மழை பெய்ததும் இந்தியப் பெருந்தவளையின் ஆண், மஞ்சள் நிறம் பூண்டு, தொண்டையின் இருபுறத்து நீலப் பைகளை உப்பி ஒலிக்கும். பெண் நீரில் முட்டையிட, ஆண் அவற்றின்மீது தன் உயிரணுக்களைச் சொரியும். மார்க்கான்சியாவிலும் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடியில் தட்டுப்போன்ற சிறு குடையும், பெண்செடியில் விரல்களை விரித்தாற்போன்ற குடையும் எழும். ஆண்குடையின்மீது மழைத்துளி வீழ்ந்து தெறிக்க, அதனோடு ஆணணுக்களும் சிதறும். ஒவ்வொன்றிற்கும் சாட்டைபோன்ற இரண்டு நுண்ணிழைகள் உண்டு. அவற்றை அசைத்து, நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று பெண்ணணுவைச் சேரும். நீரின்றேல் இச்சேர்க்கை நிகழாது.

இதுகாறும் ஒப்புமை பொருந்திற்று. இனி இரண்டும் எதிர்த்திசையிற் செல்கின்றன. தவளையின் சேயாகிய தலைப்பிரட்டை செவுள்களால் மூச்சுவிடுவது; கால்கள் முளைத்து உருமாறும்வரை அது நீரை விட்டு வெளிவர இயலாது. மார்க்கான்சியாவின் சேயோ, பெண்குடையின் அடியில் தாயிடமே உணவு பெற்றுத் தொங்கும் சிறு பை. அது முற்றி வெடித்ததும், உள்ளிருக்கும் இழைகள் உலர்ந்து முறுக்கிக்கொண்டு, விதையினும் நுண்ணிய வித்துத்தூளை வெளியே தள்ளும். காற்று அதனைச் சுமந்து செல்லும். ஆகவே, தவளையின் சேய்க்கு நீர் வேண்டும். இச்செடியின் வித்துப் பரவுதற்கு வறண்ட காற்றே வேண்டும்.

ஆண்பெண் சேர்க்கை இல்லாமலும் இச்செடி பெருகும். இதன்மேல் உள்ள சிறு கிண்ணங்களில் பச்சை முகிழ்கள் உண்டாகும்; மழைத்துளி பட்டுத் தெறித்து வீழும் ஒவ்வொரு முகிழும் தனிச்செடியாக வளரவல்லது. தவளைக்கு இவ்வாற்றல் இல்லை.