நீதிபதியை நியமித்தது யார்?

வானொலியில் பேசுவது என் தொழில். அமெரிக்காவின் ரேமண்ட் லூசியா வழக்கை நான் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம். முதலீட்டு ஆலோசகரான அவரும் வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி மக்களுக்குத் தவறான நம்பிக்கை ஊட்டினார் என்று 2012-இல் அந்நாட்டுப் பங்குப் பத்திர ஆணையம் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. 3 லட்சம் டாலர் அபராதம். முதலீட்டுத் துறையில் வாழ்நாள் தடை.

விசாரித்தவரை முறைப்படி நியமிக்கவே இல்லை என்று லூசியா வாதாடினார். அவர் வழக்கமான நீதிமன்ற நீதிபதி அல்லர். அரசுத் துறைக்குள்ளேயே அமர்ந்து விசாரிக்கும் ‘நிர்வாகச் சட்ட நீதிபதி’. அப்போது அமெரிக்காவில் இப்படி ஏறக்குறைய 1,900 பேர் இருந்தனர். பெரும்பாலோர் சமூகப் பாதுகாப்புத் துறையில். உடல் முடியாமல் வேலையை விட்டவருக்கு உதவித்தொகை உண்டா என்று முடிவு செய்வது இவர்கள்தாம்.

துறையிடம் சம்பளம் வாங்குபவர் துறைக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வாரா? அதற்காகவே 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. தக்க காரணமின்றி நீக்க முடியாது. தேர்வும் கடுமையாக இருந்தது. வழக்கறிஞர் உரிமம், ஏழாண்டு அனுபவம், மத்தியப் பணியாளர் அலுவலகத்தின் எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றைத் தாண்ட வேண்டும். அதிக மதிப்பெண் பெற்ற மூவரில் ஒருவரைத்தான் துறை எடுக்கலாம்.

2018 ஜூன் 21-இல் உச்ச நீதிமன்றம் லூசியாவின் வாதத்தை ஏற்றது. இவர்கள் அரசியல் சட்டம் குறிப்பிடும் ‘அதிகாரிகள்’; அதிபரோ நீதிமன்றமோ துறைத் தலைமையோதான் நியமிக்க வேண்டும்; ஆணையத்தின் ஊழியர்கள் நியமித்தது செல்லாது என்றது. வேறொருவர் முன் மறுவிசாரணைக்கும் உத்தரவிட்டது.

மூன்று வாரத்துக்குள், ஜூலை 10-இல், அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். பொதுத் தேர்வு போனது. வழக்கறிஞர் உரிமமே குறைந்தபட்சத் தகுதி ஆனது. மேற்கொண்டு என்ன தகுதி வேண்டும் என்பதைத் துறைகளே தீர்மானிக்கலாம்.

துறைக்கு ஏற்றவர் கிடைப்பார் என்றனர் ஆதரித்தவர்கள். வேண்டியவர்கள் உள்ளே வருவார்கள் என்றனர் எதிர்த்தவர்கள். துறைத் தலைமையே கையெழுத்திட்டால் பொறுப்பு யாருடையது என்பது தெரியும். அது நல்லதே. ஆனால், யாரையும் தெரியாதவரும் மதிப்பெண்ணால் அந்த நாற்காலிக்கு வர வழிசெய்தது அந்தப் பொதுத் தேர்வு. கையெழுத்தைச் சரிசெய்யப் போய், அந்த வழியை அடைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உதவித்தொகை கேட்டு நிற்கும் நோயாளிக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் தம் துறைக்கே “நீங்கள் செய்தது தவறு” என்று சொல்லக்கூடியவரா என்பதுதானே முக்கியம்?